சங்குச் சத்தமும் குரங்குத் தொப்பியும்

போன மாதம் வில்கமுவையில் ஒரு நிகழ்ச்சிக்கு என்னை விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார்கள். அறுவடை முடிந்த வயலில் டிராக்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதையே மேடையாக்கியிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில் மேடையேறிய மாத்தளை இளைஞர்கள் மூன்று பேரும் கம்பளி நூலில் பின்னிய குரங்குத் தொப்பியைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, கண் மட்டும் தெரிய ராப் பாடினார்கள். இரண்டாவது பாட்டிலேயே ஒருவருக்கு மயக்கம் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி, முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தோம்.

"ஏன் தம்பி இந்தக் கோலம்?" என்று கேட்டேன்.

"நீங்கதானேண்ணே ஆரம்பிச்சு வச்சீங்க. இதுதானே நம்ம ஸ்டைல்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஸ்டைலாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எல்கடுவைக் குளிரில் கொழுந்து பறிக்கிறவர்கள் போடுகிற தொப்பி அது. அதை நான் ஏன் போட்டேன் என்று இந்தப் பிள்ளைகளிடம் ஒருநாளும் சொல்லவில்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்களே கேட்டார்கள், "எழுதிப் போடுங்களேண்ணே, குரூப்பில எல்லாரும் வாசிப்போம்" என்று. இதோ எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே போய்த் தூங்கலாம்.

என்னைப் பாடகனாகத் தெரிந்தவர்களுக்கு என் பெயர் கொந்தரப்பு. தோட்டத்தில் நிரந்தரம் இல்லாமல், பேசிய வேலையை முடித்துவிட்டுப் போவதற்குக் கொந்தரப்பு என்று பெயர். என் இருபது வருடத்து ராப்பும் அப்படித்தான். கம்பெனி கிடையாது, ரேடியோ கிடையாது, போஸ்டரில் முகம் கிடையாது. கூப்பிட்ட இடத்தில் பாடினேன், பாடி முடித்ததும் கூட்டத்தோடு கூட்டமாய்க் கலந்துவிட்டேன். அண்டர்கிரவுண்ட் என்று கொழும்புப் பையன்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பெருமை இல்லை ஐயா, பயம். அம்மாவின் காம்பரா பறிபோய்விடும் என்ற பயம்.

அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். காம்பராக்களை ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய நீளக் கட்டடம்தான் லயம். நாலாம் லயத்தில் ஒன்பதாம் காம்பரா எங்களுடையது. எங்களுடையது என்று சொல்வது வாய்ப்பேச்சுக்கு. ஓர் அறை, ஒரு குசினி, புகைபிடித்த கூரைத் தகரம், எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒரு ஆள் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிற வரை இருக்கலாம். அப்பா நான் சின்னவனாய் இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவின் பேரில்தான் அந்தக் கூரை நின்றது. நானோ தோட்டத்து வேலைக்குப் போகாமல் மாத்தளை டவுனுக்கு இறங்கிவிட்டவன். அப்படிப்பட்டவன் தோட்டத்தைப் பற்றிப் பாட்டுக் கட்டுகிறான் என்று ஆபீசுக்குத் தெரிந்தால், முதலில் கேள்வி வருவது அம்மாவுக்கு. "ஒங்க மகனுக்குத் தோட்டம் புடிக்கலன்னா காம்பரா எதுக்கு?" என்ற ஒரு கேள்வி போதும்.

டவுனில் நான் வேலை பார்த்தது ஒரு பலசரக்கு வியாபாரியிடம். மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம் வாங்கி விற்கிற கடை. முதலாளியை ஊரே நானா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே. வளைகுடா நாட்டில் ஒரு ஹோட்டல் மேடைக்கு ஒலிபெருக்கி போடுகிற வேலையை நெடுங்காலம் பார்த்துவிட்டு, வாப்பாவின் கடையைப் பார்க்க வந்தவர். வரும்போது ஒரு மைக்கையும் கொண்டுவந்துவிட்டார். நான் மூடை தூக்கிக்கொண்டே வாய்க்குள் ஏதோ தாளம் போட்டுப் பாடுவதைக் கேட்டு ஒருநாள் நிறுத்தினார்.

"ஒனக்கு வாய் ஈக்கி. மூச்சு இல்ல. வா, மூச்சு தாறேன்" என்றார்.

என் பயிற்சிக்காலம் அவ்வளவுதான். அதற்கு முன் ஆங்கில ராப்பை அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்து, பள்ளிக்கூடத்தில் பந்தா காட்டியதையெல்லாம் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

நானாவின் ஸ்டூடியோ கடையின் பின்கட்டு. இன்றைக்குப் போர்வைக்குள் போனை வைத்துப் பதிவு செய்கிற பிள்ளைகளே, நன்றாகக் கேளுங்கள். எங்கள் சுவர் மூடைச் சுவர். மைக்குக்குப் பின்னால் மிளகு மூடை, ஆள் உயரத்துக்கு. இரண்டு பக்கமும் கராம்பு. கனத்த சத்தத்தை மிளகு குடிக்கும், கீச்சுச் சத்தத்தைக் கராம்பு குடிக்கும் என்பார் நானா. உண்மையோ பொய்யோ, அந்த அறையில் பேசினால் நம் குரல் நம் காதுக்குள்ளேயே வந்து உட்காரும். ஊதுகிற காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க, தேத்தண்ணி வடிக்கிற புதுத் துணி வடியைக் கம்பியில் கட்டி முன்னால் தொங்கவிட்டிருப்பார். எங்கள் இரண்டாவது பாட்டில் குரல் ஏதோ குகைக்குள் கேட்பதுபோல் முழங்கும். அதைப் புதுமை என்று பலர் பாராட்டினார்கள். புதுமையாவது ஒன்றாவது. அந்த வாரம் கராம்பு விலை ஏறியது, நானா மூடைகளை விற்றுவிட்டார், சுவர் போய்விட்டது. நாலாவது பாட்டின் நடுவில் ஒரு தும்மல் வரும். அது மிளகுத் தூசி. தாளத்தில் சரியாக விழுந்திருந்ததால் வெட்ட மனசு வரவில்லை.

பதிவுக்கு முன்னால் மூடைப் பரீட்சை. ஒரு மிளகு மூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு, கடை வாசலிலிருந்து பின்கட்டு வரை நடந்தபடியே முழுப் பாட்டையும் சொல்லவேண்டும். எந்த வரியில் மூச்சு அறுகிறதோ, அந்த வரியை மாற்றவேண்டும். காகிதம் கையில் இருக்கக்கூடாது. "கடதாசியப் பாத்துப் பாடுறவன் கடதாசிக்குத்தான் பாடுவான்" என்பார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் இயந்திரம் நிற்கும், வாய் நிற்கும், எல்லோரும் இருந்த இடத்தில் இருப்போம். பாடும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவே மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு சுளகில் கராம்பு பொறுக்குவார். பாட்டு முடிந்ததும் ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டால் நல்லது என்று அர்த்தம். "சரி, கடையப் பூட்டுவோம்" என்றால் மண் கவ்வினோம் என்று அர்த்தம். எனக்கு முதல் கராம்பு விழ ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அன்றைக்கு நான் எல்கடுவை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனதைப் பார்த்து, கண்டக்டர் என்னிடமிருந்து தள்ளியே நின்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டத்துத் தொழிற்சாலையில் ஒரு சங்கு உண்டு. காலையில் ஊதினால் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கிற களத்துக்குப் போகவேண்டும். சாயங்காலம் ஊதினால் கூடையோடு இறங்கலாம். அந்தச் சங்கையும் எங்களுக்கு விலாசம் இல்லாத கதையையும் சேர்த்து ஒரு பாட்டுக் கட்டினேன். ராப்பில் எவன் வந்தாலும் முதலில் தன் தெருவைச் சொல்வான், தன் பேட்டையைச் சொல்வான். எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? லயத்து நம்பரும் காம்பரா நம்பரும்தான். அதையே திருப்பித் திருப்பி வருகிற நாலு வரியில் வைத்தேன். மூடை சுமந்து வாரக்கணக்கில் பழகினேன். நாலாம் லயம், ஒன்பதாம் காம்பரா என்று நாக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பதிவுக்கு முதல் நாள் நானா சுளகைக் கீழே வைத்தார். "பேர மறைச்சிட்டு ஊட்டக் காட்டுறியா? உம்மாவ தெருவுல நிப்பாட்டப் போறியா நீ?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கும் புத்தி வந்தது. எங்கள் தோட்டத்தில் இருப்பது ஆறு லயம். ஆகவே ஏழு என்று மாற்றினோம். ஏழாம் லயத்தை எவன் வந்து தேடுவான்?

சங்கு ஊதுனா கால் கெளம்பும், சங்கு ஊதுனா கால் திரும்பும்,
சங்கு கேட்டு வளந்த வாய் இது, சும்மா கெடன்னா எங்க அடங்கும்?
லயம் ஏழு, காம்பரா மூணு, கேக்குறவனுக்கு வெலாசம் சொல்லு,
கதவு எனக்கு, பூட்டு எனக்கு, சாவி மட்டும் யாருக்கு, சொல்லு.

மூன்றாவது வரியை இவ்வளவு கவனமாக மறைத்த நாங்கள் இரண்டு கெட்டிக்காரர்களும் அடுத்துச் செய்ததைக் கேளுங்கள். "சங்கப் பத்திப் பாடுறே, சங்கு எங்க?" என்றார் நானா. நான் தொழிற்சாலைக்குக் கீழே போய் நின்று, சாயங்காலச் சங்கைப் போனில் பிடித்து வந்தேன். பாட்டின் தொடக்கத்தில் முழுசாக வைத்தோம். எங்கள் சங்குக்கு ஒரு குறை உண்டு. ஊதி முடிக்கும்போது ஒரு விக்கல் விக்கும். பிறந்ததிலிருந்து கேட்ட காதுக்கு அது விக்கலாகவே தோன்றவில்லை. நானாவோ எல்லாச் சங்கும் ஒன்று என்று நினைத்தார். எங்கள் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகூடக் கண்ணை மூடிக்கொண்டு "இது நம்ம சங்கு" என்று சொல்லும். ஏழாம் லயத்தைப் பாட்டில் எழுதிவிட்டு, வாசலில் தோட்டத்துப் பெயர்ப்பலகையை மாட்டியதுபோல் ஆயிற்று.

பாட்டு போனுக்குப் போன் தாவியது. எல்கடுவை பஸ்ஸில் போட்டார்கள், சலூனில் போட்டார்கள். என் குரல் என் பக்கத்து சீட்டில் ஒலிக்க, நான் ஒன்றும் தெரியாதவன்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன். உடம்பெல்லாம் புல்லரிக்கும். எழுந்து நின்று "நான்தான்யா அது" என்று கத்தவேண்டும் போலிருக்கும். அம்மா ஞாபகம் வரும், உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"இன்னைக்குச் சங்கு ரெண்டு தரம் ஊதுச்சு."

எனக்குச் சோறு தொண்டையில் நின்றது. நடந்தது இதுதான். கொழுந்து பறிக்கிற மலைக்குக் கீழே ரோட்டில் ஒரு திரீவீல் நின்றிருக்கிறது. ஓட்டி வந்தவர் புது ஸ்பீக்கர் பூட்டியிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க என் பாட்டை முழுச் சத்தத்தில் போட்டிருக்கிறார். காற்று மேல்நோக்கி அடித்தது. சங்கு கேட்டதும் மலை முழுவதும் பெண்கள் கூடையைச் சரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கணக்கப்பிள்ளை, அதாவது வேலை பார்க்கிறவர்களை மேய்க்கிற உத்தியோகத்தர், அவரே குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கிறார். எல்லோரும் போய்க் கால் கழுவி, தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிற நேரத்தில் உண்மையான சங்கு ஊதியது. கணக்கப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு ஓடி வந்தாராம். தோட்டத்தை நடத்துகிற துரை அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு என்ன கேட்டார் என்று தெரியாது. வெளியே வரும்போது முகம் அவித்த கிழங்காக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு எல்லோரும் வரவேண்டும், தோட்டத்தில் பேர் இல்லாத இளந்தாரிகளும் வரவேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். வராத வீட்டுக்கு அன்றைக்கு வேலை இல்லை. நான் போனேன். பனி இன்னும் கலையவில்லை. துரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். கணக்கப்பிள்ளை போனை உயர்த்திப் பிடித்துப் பாட்டைப் போட்டார். சங்கு விக்கியது.

"இது நம்ம சங்கு" என்றார். "சங்கு நம்மதுன்னா வாயும் நம்ம தோட்டத்து வாய்தான். ஒவ்வொருத்தனா வா. இந்த நாலு வரியையும் சொல்லு. கொரல நான் புடிக்கிறேன்."

பெண்கள் வரிசையில் அம்மா நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

முதலில் போனவன் பயந்து பயந்து, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். இரண்டாவது ஆள் கொஞ்சம் தாளத்தோடு சொன்னான். நாலைந்து பேர் போனதும் கதையே மாறிவிட்டது. எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம். ஒவ்வொருவனும் முன்னால் போனவனைவிடத் தான் நன்றாகச் சொல்லவேண்டும் என்று இறங்கிவிட்டான். ஒருவன் கையை வீசினான். ஒருவன் குரலைக் கரகரவென்று என்னைப்போலவே ஆக்கினான். எனக்கே சந்தேகம் வந்தது, இவன்தான் பாடினானோ என்று. பின்னால் யாரோ தகரத்தில் தாளம் போட, கணக்கப்பிள்ளை "எவன்டா அது" என்று திரும்பினார். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுச் சிரித்தார்கள். பயத்திலும் எனக்கு நெஞ்சு பொங்கியது, பொய் சொல்ல மாட்டேன். என் பாட்டை என் தோட்டமே பாடுகிறது. எந்த மேடையில் இப்படிக் கிடைக்கும்?

என் முறை வந்தது. மோசமாகச் சொல்லவேண்டும் என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஆனால் முதல் வரி வாயில் விழுந்ததும் மூடை சுமந்த மூச்சு தானாக வந்துவிட்டது. இரண்டாவது வரி கணீரென்று போயிற்று. கணக்கப்பிள்ளை தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். மூன்றாவது வரி. லயம் என்றேன். வாரக்கணக்கில் பழகிய பழைய நம்பர் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. "லயம் நா..." என்று வந்ததை அப்படியே விழுங்கினேன். விழுங்கியதும் எல்லாம் போய்விட்டது. ஏழும் வரவில்லை, மூன்றும் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சீ, போ அங்கிட்டு. தோட்டத்துல நாய்க்குக்கூடத் தெரியுது இந்தப் பாட்டு" என்றார் கணக்கப்பிள்ளை.

தப்பித்தேன் என்று மூச்சு விடுவதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயா, நான் சொல்லவாங்க?"

அம்மா. கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றார். நாலு வரியையும் சொன்னார். நிறுத்தவில்லை, தடுமாறவில்லை, ஏழாம் லயத்தை ஏழாம் லயம் என்றே சொன்னார். மூச்சு எடுத்த இடம்கூட நான் எடுக்கிற இடம்தான். நானா கேட்டிருந்தால் சுளகில் இருந்த கராம்பெல்லாம் வாயில் போயிருக்கும்.

கணக்கப்பிள்ளை கிட்டே வந்தார்.

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அம்மாவின் காம்பரா அந்தக் கேள்வியின் மேல் நின்றது.

"ஒங்க மருமகன்தாங்கய்யா" என்றார் அம்மா. "நேத்து கீழ் ரோட்டுல திரீவீல நிப்பாட்டி, திருப்பித் திருப்பிப் போட்டாருல்ல. காதுல விழுந்தது வாயில வரத்தானே செய்யும்."

துரை மெதுவாகத் திரும்பிக் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை போனைச் சட்டைப் பையில் போட்டார். மறுபடி எடுத்தார். மறுபடி போட்டார். "சரி சரி, வேலைக்குப் போங்க" என்றார் துரை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன்.

மலையேறுகிற பாதையில் அம்மாவோடு கொஞ்ச தூரம் நடந்தேன். யாரும் பக்கத்தில் இல்லாதபோது கேட்டார்.

"மூணாவது வரியில என்னடா முழுங்குன?"

"நம்ம நம்பர் வந்துருச்சும்மா. ஒங்களுக்கு எப்புடித் தெரியும் நான்தான்னு?"

"தூக்கத்துல சொல்ற, பீலிக்கரையில குளிக்கையில சொல்ற. பெத்தவளுக்குத் தெரியாதா? சோத்த ஒழுங்கா முழுங்கத் தெரியாது ஒனக்கு. அதையாச்சும் முழுங்குனியே, நல்ல வேள."

அன்றைக்கு நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்திலேயே மிக மோசமாகப் பாடியவன் நான்தான் என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் சுளகு கவிழ்ந்தது. எனக்கோ மானம் போய்விட்டது. சொந்தப் பாட்டில் தோற்றுத் திரும்பிய ராப்பர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்து டவுனில் ஒரு மேடை கிடைத்தபோது, கிளம்புகிற நேரத்தில் அம்மா தன் குரங்குத் தொப்பியை எடுத்து என் தலையில் மாட்டி, கழுத்து வரை இழுத்துவிட்டார். "பாடு. நல்லாப் பாடு. மூஞ்சிய மட்டும் காட்டிராத" என்றார். அந்தத் தொப்பியில் புகை வாசமும் கொழுந்து வாசமும் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருடமும் பாடினேன். தம்பிமாரே, இதுதான் ஸ்டைல். உங்கள் அம்மாமாருக்கு வீடு பறிபோகும் என்ற பயம் இல்லையென்றால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். வில்கமுவை வெயிலுக்கு அது ஆகாது.

போன வருடம் வீட்டுத்திட்டத்தில் அம்மாவுக்கு ஒரு வீடு கிடைத்தது. சின்ன வீடுதான். மேல் பிரிவில், துண்டு நிலத்தோடு, சுவரில் நம்பரோடு. அதற்குப் பிறகுதான் ஓய்வு என்று அறிவித்தேன். தொண்டையும் பழையபடி இல்லை. ஆனால் உண்மையான காரணம், மறைக்க இனி எதுவும் இல்லை.

கடைசி நிகழ்ச்சி அலுவிகாரையில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் நானா, பக்கத்தில் புதுச் சேலையில் அம்மா. வாழ்நாளில் முதல் தடவையாக என்னை மேடையில் பார்க்க வந்திருந்தார். எல்லாப் பாட்டும் பாடி, கடைசியாகச் சங்கு விக்கியது. மண்டபம் எழுந்து நின்றது. தொப்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றினேன். முகத்தில் காற்றுப் பட்டதும் அப்படியொரு சந்தோஷம், குழந்தைபோல் குதித்தேன். முதல் வரி போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதில் புது வீட்டு விலாசத்தைச் சொல்வதாகத் திட்டம். வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிப் பழகியிருந்தேன்.

"லயம் ஏ..." என்று வந்துவிட்டது. விழுங்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்தார். மைக் இல்லை, ஒன்றுமில்லை. மலைக்கு மலை கூப்பிட்டுப் பேசிப் பழகிய குரல் அது.

"வீட்டு நம்பர் பதினெட்டு, மேல் பிரிவு, கேக்குறவனுக்கு வெலாசம் சொல்லு."

நானா ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டார். மண்டபம் முழுவதும் நாலாவது வரியைப் பிடித்துக்கொண்டது. கதவு எனக்கு, பூட்டு எனக்கு, சாவி மட்டும் யாருக்கு, சொல்லு என்று நூறு வாய் சேர்ந்து கேட்டது. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.